அழுக்கின் பாடபேதங்கள்

ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு எழுதினோம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. கவிதையைப் பற்றி எழுதுகிறவன் எந்தப் பதிப்பு என்று சொல்கிறான். சொல்லாவிட்டால் அடுத்த இதழில் யாராவது கடிதம் எழுதிக் கேட்பார்கள். சினிமா விஷயத்தில் மட்டும் படத்தின் பெயர், டைரக்டரின் பெயர், வருஷம் இவை போதும் என்று ஒரு நினைப்பு. நாவலுக்கு மூலபாடம் என்று ஒன்று இருப்பதுபோல் சினிமாவுக்கு அவசியமில்லை, ஃபிலிமில் பதிந்தது பதிந்ததுதான் என்பது இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கி 1971ல் வெளிவந்த 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்' இந்த நம்பிக்கையைக் கலைத்துவிடுகிற படம். திரையரங்கை விட்டு அது வீடுகளுக்குள் நுழைந்த வழிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், ஒரே பெயரில் குறைந்தது நான்கு படங்கள் இருப்பது தெரிகிறது. நான்கில் எதைப் பற்றி நாம் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தோம் என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

படத்தின் கதை பெரிதல்ல. மார்சேயிலிருந்து ஒரு காரின் உடலுக்குள் ஒளித்து நியூயார்க்குக்கு ஹெராயின் வருகிறது. போதைமருந்துப் பிரிவைச் சேர்ந்த இரண்டு துப்பறிவாளர்கள், பாப்பை என்ற பட்டப்பெயர் கொண்ட ஜிம்மி டாயிலும் பட்டி ரஸ்ஸோவும், அதன் வாடையைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். ஜீன் ஹாக்மனும் ராய் ஷைடரும் இந்த இருவர். சரக்கை அனுப்பும் ஷார்னியேயாக ஃபெர்னாண்டோ ரே. 1961-62ல் உண்மையாக நடந்த வழக்கு. ராபின் மூர் 1969ல் அதைப் புத்தகமாக எழுதினார். வழக்கைப் பிடித்த நிஜத் துப்பறிவாளர்கள் எடி ஈகனும் ஸானி க்ராஸோவும் படப்பிடிப்பில் கூடவே இருந்தார்கள், நடிக்கவும் செய்தார்கள். ஈகனுக்குக் கிடைத்த வேடம் வேடிக்கையானது. தன்னை மாதிரியாகக் கொண்டு படைக்கப்பட்ட டாயிலைக் கண்டிக்கிற மேலதிகாரி வேடம். சிறந்த படம், டைரக்‌ஷன், நடிகர், திரைக்கதை, படத்தொகுப்பு என்று ஐந்து ஆஸ்கார் விருதுகளை வாங்கியது. பரிசுகளைப் பற்றி நமக்கு என்ன.

படத்தின் உயிர் அதன் அழுக்கில் இருக்கிறது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. 1970-71 குளிர்காலத்து நியூயார்க்கின் ஸ்தூலமான அழுக்கு: உருகிக் கறுத்த பனி, புரூக்ளினில் உயரப்பாதை ரயிலுக்கு அடியில் பகலிலும் நிற்கிற இருட்டு, மதுக்கடையின் எண்ணெய்ப் பிசுக்கு, போலீஸ் அறையின் பழுப்பேறிய சுவர். ஃப்ரீட்கின் டாக்குமெண்டரியிலிருந்து வந்தவர். 1962ல் சிகாகோவில் மரண தண்டனைக் கைதி ஒருவரைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுத்தவர். கோஸ்டா-காவ்ரஸின் 'ஸீ' பார்த்த பிறகு, கதைப் படத்தையும் நடந்துகொண்டிருக்கும் சம்பவத்தைக் காமிரா தற்செயலாகப் பிடித்ததுபோல் எடுக்கலாம் என்ற துணிச்சல் தனக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அப்போது ஏறக்குறையப் புதியவர். பல இடங்களில் கிடைத்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டே எடுத்தார். போதாத வெளிச்சத்துக்கு ஈடாக, ஃபிலிமைக் கழுவும்போது வேகத்தைக் கூட்டினார். அப்படிச் செய்தால் பிம்பத்தில் மணல் தூவியதுபோல் ஒரு சொரசொரப்பு ஏறும். கறுப்பு முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் தட்டும். கையில் காமிராவை ஏந்திய என்ரீக்கே பிராவோ கியூபப் புரட்சியைப் படமெடுத்த மனிதர். நடிகர்கள் எங்கே போவார்கள், எங்கே நிற்பார்கள் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லாமலேயே ஃப்ரீட்கின் பல காட்சிகளை எடுத்தார். காமிரா தேடுகிறது, தவறவிடுகிறது, மறுபடி கண்டுபிடிக்கிறது. டாயிலின் வேலையும் அதுதான் என்பதால் இந்தத் தேடல் வெறும் உத்தியாகத் தங்கிவிடவில்லை.

புகழ்பெற்ற கார்த் துரத்தலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மேலே ரயில், கீழே கார், பின்னணி இசை கிடையாது, அவ்வளவோடு விடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது அசைவே இல்லாத இன்னொரு காட்சி. ஷார்னியேயும் அவன் கூட்டாளியும் ஒரு பிரெஞ்சு உணவுவிடுதியில் சாவகாசமாகச் சாப்பிடுகிறார்கள். எதிர்ச்சாரியில் ஒரு வாசலில் ஒதுங்கி, குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, டாயில் நிற்கிறான். கையில் ஒரு துண்டு பீட்ஸா, காகிதக் கோப்பையில் காபி. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தரையில் கவிழ்க்கிறான். உள்ளே தட்டுகள் மாறி மாறி வருகின்றன. வசனம் என்று சொல்ல ஒன்றுமில்லை. குற்றவாளிக்கு நாகரிகமும் ருசியும், சட்டத்தின் காவலனுக்கு ஆறின காபி. இந்த முரணைச் சொல்வது இரண்டு வெப்பங்கள்: கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற மஞ்சள், வெளியே இருக்கிற நிறமற்ற சாம்பல். வர்ணத்தைச் சற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளினால் காட்சியின் அர்த்தமே தள்ளிப்போகும். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு காட்சி, எனக்கு என் தொழிலின் காரணமாகப் பிடித்தது. சந்தேகப்பட்ட காரைப் போலீஸ் கொட்டகையில் அக்கக்காகப் பிரித்துப்போட்டும் ஒன்றும் அகப்படவில்லை. அப்போது ரஸ்ஸோ காகிதங்களைப் பார்க்கிறான். கப்பலில் ஏற்றியபோது நிறுத்த எடைக்கும் அந்த மாதிரிக் காருக்கு இருக்க வேண்டிய எடைக்கும் 120 பவுண்டு வித்தியாசம். அதுதான் ஹெராயின். துப்பாக்கியும் துரத்தலும் சாதிக்காததை இரண்டு தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஒரு கண் சாதிக்கிறது. அது குமாஸ்தாவின் காட்சி. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டவர்களின் காட்சி என்றும் சொல்லலாம்.

நிஜத்தில் நடந்தது இதைவிட விசித்திரம். அந்த வழக்கில் பிடிபட்ட ஹெராயின் நியூயார்க் போலீஸின் சாட்சிப்பொருள் காப்பறையில் சேர்க்கப்பட்டது. போலீஸ் ஊழலை விசாரித்த நாப் கமிஷன் தன் பகிரங்க அமர்வுகளைத் தொடங்கியது 1971 அக்டோபரில். படம் வெளியானதும் அதே மாதம்தான். மறுவருஷம், 1972 டிசம்பரில், காப்பறையிலிருந்த அந்தச் சரக்கு களவுபோயிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பைகள் இருந்தன. உள்ளே இருந்தது மாவு. போலீஸைத் தவிர வேறு யார் உள்ளே போயிருக்க முடியும் என்று ஊரே கேட்டது.

வீடியோவுக்கு வருவோம். 1977ல் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஆந்த்ரே பிளே என்பவர் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடமிருந்து ஐம்பது படங்களை வீடியோ கேஸட்டில் விற்கும் உரிமையை வாங்கினார். அவருடைய கம்பெனியின் பெயர் மாக்னெடிக் வீடியோ. ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டூடியோ தன் படங்களைப் பொதுஜனங்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதித்தது இதுதான் முதல் தடவை. அந்த ஐம்பதில் ஒன்று 'தி ஃப்ரெஞ்ச் கனெக்‌ஷன்'. வியாபாரம் சூடுபிடித்ததும், 1979ல் ஃபாக்ஸ் அந்தக் கம்பெனியையே வாங்கிப்போட்டுக்கொண்டது. ஆக, வீட்டு வீடியோ என்ற விஷயம் பிறந்த அன்றைக்கே இந்தப் படம் அங்கே இருந்திருக்கிறது. அதனால்தான் இதன் பிரதிகளின் சரித்திரம் அந்தத் தொழிலின் முழுச் சரித்திரமாகவும் ஆகிவிடுகிறது.

கேஸட்டில் என்ன கிடைத்தது? திரையரங்குச் சட்டகம் அகலம். டிவிப் பெட்டி ஏறக்குறையச் சதுரம். ஒன்றை மற்றதற்குள் அடைக்கும்போது டைரக்டர் தீர்மானித்த எல்லைகள் போய்விடுகின்றன. காந்த நாடாவில் இருட்டு என்பது ஒரே களிம்பு. ஃபிலிமின் சொரசொரப்பு அதில் கரைந்துவிடும். நாடாவின் சொந்த இரைச்சல் அதன் இடத்தில் வந்து உட்காரும். ஒருவிதத்தில் இந்த அழுக்குக்கு அந்த அழுக்கு பொருத்தமாகவே இருந்திருக்க வேண்டும். தேய்ந்த கேஸட்டில் இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த அமெரிக்க விமர்சகர்கள் அதன் கரடுமுரடைப் பற்றி எழுதியதில் எவ்வளவு ராய்ஸ்மனுடையது, எவ்வளவு நாடாவினுடையது என்று யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2001ல் டிவிடி வந்தது. சட்டகம் திரும்பக் கிடைத்தது. கூடவே ஃப்ரீட்கினின் குரல் விளக்கம், வெட்டிய காட்சிகள், டாக்குமெண்டரிகள். நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது இதன் வழியாகத்தான், நேராக அல்ல. வங்கியில் சேர்ந்த புதிதில் சென்னை பர்மா பஜாரில் வாங்கிய நகல் அது. மேலட்டை மங்கிய ஜெராக்ஸ், பெயரில் ஓர் எழுத்து குறைவு. உள்ளே இருந்த படம் மட்டும் அசலிலிருந்து அப்படியே இறக்கியது. பி.ஏ. வகுப்பில் டெக்ஸ்ட் என்ற சொல்லை மூன்று வருஷம் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு எடை உண்டு என்று தெரிந்தது இந்த டிஸ்க்கை அடுத்து வந்த டிஸ்க்கோடு ஒப்பிட்டபோதுதான்.

அடுத்து வந்தது 2009 பிப்ரவரியில் வெளியான ப்ளூ-ரே. வெளிநாட்டிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்திருந்தார். போட்ட ஐந்தாவது நிமிஷத்தில் டிவியில்தான் கோளாறு என்று அவர் கேபிளைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். கோளாறு டிவியில் இல்லை. மார்சேயின் வெயில் வெளிறி நீலம் பூத்திருந்தது. சிவப்பு தன் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பக்கத்தில் கசிந்தது. முகங்களில் சதை நிறம் வடிந்துபோய், நிழல்களில் மட்டும் ஏதோ ஒரு வர்ணம் அலைந்தது. நான் மேலே சொன்ன உணவுவிடுதிக் காட்சியில் உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வெப்பவித்தியாசம் ஒரே கஷாயமாகியிருந்தது.

இது ஏதோ லாபரட்டரித் தவறு என்றால் பேச ஒன்றுமில்லை. செய்தவர் ஃப்ரீட்கினேதான். எப்படிச் செய்தார் என்பதை அதே டிஸ்க்கில் ஒரு தனிப் படமாகவும் விளக்குகிறார். வர்ணத்தை முழுதும் எடுத்துவிட்டுப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார்கள். வர்ணத்தைத் தனியே வைத்து மிகைப்படுத்தி, கூர்மையை மழுங்கடித்து, அதைக் கறுப்பு வெள்ளையின் மேல் பூசினார்கள். யோசனை புதிதல்ல. ஜான் ஹஸ்டனின் 'மோபி டிக்' படத்துக்காக 1956ல் ஆஸ்வால்ட் மாரிஸ் வர்ணப் பிம்பத்தோடு சாம்பல் பிம்பம் ஒன்றைச் சேர்த்து அச்சடித்தார். பழைய திமிங்கில வேட்டைச் சித்திரங்களின் சாயல் வேண்டும் என்பதற்காக. ஆனால் அது படம் பிறக்கும்போதே செய்தது. இது, பிறந்து முப்பத்தெட்டு வருஷமான படத்துக்குச் செய்தது.

ராய்ஸ்மன் அப்போது உயிரோடு இருந்தார். அவரை யாரும் கலந்துகொள்ளவில்லை. கேள்விப்பட்டுப் பார்த்தவர், ஒரு பேட்டியில் அதைக் கொடுமை என்றார். இந்தப் பிரதியோடு தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்று கைகழுவினார். அமெரிக்க சினிமா வட்டாரத்தில் இது பெரிய சர்ச்சையானது. டைரக்டருடைய படம், அவர் இஷ்டம் என்று ஒரு கட்சி. ஒளிப்பதிவாளருக்கும் அதில் பாத்தியதை உண்டு என்று இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியுமே கேள்வியைப் பாகப்பிரிவினை வழக்காக்கிவிட்டன என்று எனக்குப் படுகிறது. சினிமாவில் டைரக்டரே சிருஷ்டிகர்த்தா என்று அறுபதுகளிலிருந்து சொல்லி வந்திருக்கிறோம். ஸ்டூடியோ முதலாளியிடமிருந்து படத்தைப் பறித்துக் கலைஞனிடம் கொடுப்பதற்கு அந்தக் கொள்கை உதவியது. அந்த அளவில் அது நியாயம். ஆனால் அந்தக் கலைஞனே எழுபத்து மூன்று வயதில் தன் முப்பத்தைந்து வயதுக் காரியத்தின் மேல் கை வைக்கும்போது கொள்கை ஊமையாகிவிடுகிறது. 1971ன் ஃப்ரீட்கினுக்குப் பணம் குறைவு, நேரம் குறைவு, குளிர் அதிகம். காமிராக்காரருக்கு விவரம் சொல்லப்படவில்லை. ஃபிலிம் அதன் சக்திக்கு மேல் இழுக்கப்பட்டது. இத்தனை எதிர்ப்புகளோடு மோதித்தான் அந்தப் பிம்பம் உண்டாயிற்று. 2009ன் ஃப்ரீட்கினை எதிர்க்க எதுவுமே இல்லை. குமிழைத் திருகினால் வர்ணம் மாறும். வெளிவந்துவிட்ட படைப்புக்கு ஆசிரியன் முதல் வாசகன். பல சமயம் மிக மோசமான வாசகன். மனதில் இருந்ததை அவன் மட்டும்தான் அறிவான் என்பது உண்மை. மனதில் இருந்தது நமக்கு எதற்கு?

2012 மார்ச்சில் ஃபாக்ஸ் இன்னொரு ப்ளூ-ரே போட்டது. இந்தத் தடவை ஃப்ரீட்கினும் ராய்ஸ்மனும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வர்ணம். சாம்பல் திரும்பி வந்தது; சொரசொரப்பும் ஓரளவு வந்தது. 2009 டிஸ்க் குப்பைக்குப் போய்விடவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம், நான் பார்த்திருக்கிறேன். டைரக்டர் தோற்றார் என்று சிலர் குதூகலித்தார்கள். அது அற்பத்தனம். 2009ல் அவர் செய்ததைத் தன் முகத்தைக் காட்டி, தன் வாயால் சொல்லிச் செய்தார். 2000த்தில் 'எக்ஸார்ஸிஸ்ட்' படத்தில் காட்சிகளைச் சேர்த்தபோதும், இது நீங்கள் பார்க்காத வடிவம் என்று விளம்பரத்திலேயே போட்டுத்தான் வெளியிட்டார். என் குற்றப்பத்திரிகையில் இவை இல்லை.

குற்றப்பத்திரிகை 2023ஐப் பற்றியது. அதற்குள் காலம் மாறிவிட்டது. 2019 மார்ச்சில் டிஸ்னி ஃபாக்ஸை விழுங்கியது. டிஸ்க் வாங்குவது குறைந்து, வாடகைக்குப் படம் ஓடவிடுகிற ஸ்ட்ரீமிங் வந்தது. 2023 மே, ஜூன் மாதங்களில் க்ரைட்டீரியன் சானலிலும் ஆப்பிளிலும் இந்தப் படத்தைப் பார்த்த சில அமெரிக்கர்கள், தொடக்கத்திலிருந்து பத்தாவது நிமிஷ வாக்கில் ஒரு சின்ன குதிப்பைக் கண்டார்கள். போலீஸ் நிலையக் காட்சியில் ஏறக்குறைய ஆறு விநாடி இல்லை. டிசிஎம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிரதியிலும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு திரையரங்கில் காட்டியதிலும் இல்லை. அறிவிப்பு கிடையாது, விளக்கம் கிடையாது. கேட்டபோது, உரிமையாளர்கள் தந்தது டைரக்டரின் திருத்தம் என்று க்ரைட்டீரியன் தரப்பில் ஒரு வரி வந்தது. டிஸ்னி பேசவில்லை. ஃப்ரீட்கினும் பேசவில்லை. அந்த ஆகஸ்ட் 7ல் அவர் இறந்துபோனார்.

அந்த ஆறு விநாடியில் இருப்பது என்ன? அதற்கு முந்திய காட்சியில் ஒரு கறுப்பின இளைஞனைத் துரத்திப் பிடிக்கும்போது அவன் ரஸ்ஸோவின் கையைக் கத்தியால் கிழித்துவிடுகிறான். நிலையத்துக்குத் திரும்பி ரஸ்ஸோ கையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், டாயில் கறுப்பர்களைக் குறிக்கும் அந்தக் கேடுகெட்ட சொல்லைச் சொல்லி, அவர்களை நம்பாதே என்கிறான். அவன் வெள்ளையனாகவும் இருந்திருக்கலாமே என்கிறான் ரஸ்ஸோ. அப்படியானால் யாரையுமே நம்பாதே என்று முடிக்கிறான் டாயில். மூன்று வாக்கியம். இந்த மூன்றுக்குள் டாயில் என்ற ஆள் முழுசாக இருக்கிறான். நிறவெறி அவனுக்கு ஒரு கொள்கை அல்ல. அது அவனுடைய பொதுவான அவநம்பிக்கை கைக்குக் கிடைத்த முதல் ஆளின் மேல் விழுகிற விதம். ரஸ்ஸோவின் எதிர்ப்பும் அங்கேதான் பதிவாகிறது. அது மிக மெலிதானது, உடனே கைவிடப்படுவது. இருவரும் சேர்ந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போவார்கள். ஒரு ஸ்தாபனத்துக்குள் மனசாட்சி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்பதற்கு அந்த ஒரு வரி அளவுகோல்.

அந்தச் சொல்லால் தலைமுறை தலைமுறையாக அடிபட்டவர்கள் அதைக் கேட்க விரும்பாமல் இருந்தால், அவர்களோடு வாதாட எனக்கு யோக்யதை இல்லை. 1971ல் தியேட்டர்களில் டாயிலுக்குக் கைதட்டியவர்கள் எல்லோரும் அவனை விமர்சனமாகப் பார்த்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். ஈகன் கூடவே நின்று எடுத்த படம். போலீஸின் கண் அதில் பாதி இருக்கிறது. அதே வருஷ டிசம்பரில் 'டர்ட்டி ஹாரி' வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க வெள்ளையர்களில் ஒரு பகுதி அப்போது இப்படிப்பட்ட போலீஸ்காரனுக்குக் காத்திருந்தது. இதெல்லாம் விவாதிக்க வேண்டிய விஷயங்கள். விவாதிக்கச் சாட்சி வேண்டும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கறுப்பர்களின் மதுக்கடைக்குள் டாயில் புகுந்து எல்லோரையும் சுவரோரம் நிறுத்தி மிரட்டுகிற நீண்ட காட்சியை அப்படியே விட்டுவைத்தார்கள். அதாவது செயல் இருக்கலாம், அதற்குப் பெயர் சொல்கிற வாய்தான் இருக்கக் கூடாது. மிச்சமிருப்பவன் சற்று முரட்டுத்தனமான, ஆனால் கடமை தவறாத ஒரு ஹீரோ. படத்தின் கடைசியில் பாழடைந்த கட்டடத்தில் தன் பக்கத்து அதிகாரி ஒருவரையே சுட்டுக் கொன்றுவிட்டு, ஒரு கணமும் நிற்காமல் துப்பாக்கியோடு இருட்டுக்குள் போகிறானே அந்த டாயிலுக்கு, பத்தாவது நிமிஷத்தில் சொன்ன யாரையுமே நம்பாதே என்ற சொல்தான் விதை. விதையைக் கிள்ளிவிட்டு மரத்தை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள்.

2005ல் இந்தப் படத்தை அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள். காக்கப்பட வேண்டியது என்று நாடே ஒப்புக்கொண்டது. பதிவேட்டில் பெயர் பத்திரமாக இருக்கிறது. மக்கள் வீட்டில் ஓடிய பிரதியில் ஆறு விநாடி இல்லை. அந்தக் காப்பறைச் சம்பவம் எனக்கு ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

வங்கியில் பேரேடு கையால் எழுதிய காலத்தவர்கள் எங்கள் கிளையில் ஒருவர் இருந்தார், இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அவர் சொல்வார்: தப்பாக எழுதிய தொகையைச் சுரண்டக் கூடாது, ஒட்டக் கூடாது, அதன் மேலேயே எழுதக் கூடாது. ஒற்றைக் கோடு இழுக்க வேண்டும், கீழே இருப்பது படிக்கும்படியாக. மேலே சரியான தொகை, பக்கத்தில் சுருக்கொப்பம். இன்று கணினியிலும் சட்டம் அதேதான். தவறான பதிவை யாரும் மறையச் செய்ய முடியாது. அதற்கு நேர் எதிர்ப்பதிவு ஒன்று போடலாம், இரண்டும் அடுத்தடுத்து நிற்கும், யார் போட்டது, எப்போது என்ற விவரத்தோடு. முன்னூறு ரூபாய்க்கு இருக்கிற இந்த மரியாதை ஒரு கலைப்படைப்புக்கு இல்லை.

நம்மில் பலர் பத்திரிகையில் வந்த கதையைத் தொகுதியில் சேர்க்கும்போது மாற்றுகிறோம். கவிதையில் ஒரு வரியை வெட்டுகிறோம். வெட்டியதற்காக வருந்துவதும் உண்டு. அதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் பத்திரிகை இருக்கிறது. முன்னூறு பிரதி அச்சடித்த இதழானாலும் எங்கோ ஓர் அலமாரியில், கரையான் தின்றது போக, ஓர் இதழ் கிடக்கும். பழைய வடிவத்தைக் காட்டி ஆசிரியனைக் கேட்க ஒருவன் வருவான். 2009ன் வர்ணத்தை எதிர்த்து ராய்ஸ்மன் பேச முடிந்ததும், 2012ல் அது திருத்தப்பட்டதும், பழைய டிஸ்க்குகள் ஜனங்கள் கையில் இருந்ததால்தான். ஒப்பிட ஒன்று இருந்தது. ஸ்ட்ரீமிங்கில் அப்படி இல்லை. புதிய பிரதி பழையதன் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை, அதன் இடத்தில் உட்காருகிறது. நேற்றுப் பார்த்ததுதான் இன்றும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். காசு கொடுத்து வாங்கிய படம் என்று ஆப்பிளில் பெயர் போட்டிருந்தவர்களுக்கும் வெட்டிய பிரதிதான் ஓடியது. ஸ்பீல்பெர்க் 2002ல் 'ஈ.டி.' படத்தில் போலீஸ்காரர் கையிலிருந்த துப்பாக்கியை வாக்கிடாக்கியாக மாற்றினார். பிற்பாடு அது தவறு என்று பகிரங்கமாகச் சொன்னார். சொல்ல முடிந்ததற்குக் காரணம், துப்பாக்கி இருந்த படம் அழிந்துபோகாமல் இருந்ததுதான்.

ஆறு விநாடியை எடுத்தது ஃப்ரீட்கினா, கம்பெனியா என்ற கேள்வியில் பலர் சிக்கிக்கொண்டார்கள். கம்பெனி என்றால் தணிக்கை, டைரக்டர் என்றால் கலைச் சுதந்திரம் என்று தீர்ப்பு தயாராக இருந்தது. யார் செய்திருந்தாலும் சுருக்கொப்பம் இல்லை என்பதுதான் விஷயம்.

ராய்ஸ்மன் 2023 ஜனவரியில் போனார், ஃப்ரீட்கின் ஆகஸ்டில். ஷைடர் 2008லேயே இல்லை. ஹாக்மன் 2025 பிப்ரவரியில். அந்தச் சொல்லை டாயில் எந்தத் தொனியில் சொன்னான், ரஸ்ஸோ பதில் சொல்லும்போது நிமிர்ந்து பார்த்தானா என்று கேட்பதற்கு இனி ஆளில்லை. டிஸ்க்கைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சினிமா பற்றி எழுதுகிற நண்பர்களிடம் என் கோரிக்கை மிகச் சிறியது: படத்தின் பெயருக்குப் பக்கத்தில் எந்த வருஷத்து டிஸ்க், எந்தச் சேவையில் எந்த மாதம் பார்த்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மேலே நான் எழுதியதில் உணவுவிடுதிக் காட்சி 2012 டிஸ்க்கிலிருந்து. போலீஸ் நிலையக் காட்சி பர்மா பஜார் நகலிலிருந்து. போன வாரம் போட்டுப் பார்த்தேன். ரஸ்ஸோ நிமிர்ந்து பார்ப்பதில்லை.